கிணற்றில் ஈ.கோலி: இடம் மாறும் பரம்பரையலகுகளும் பற்றீரியாவின் நோயாக்கும் வல்லமையும்

2018 டிசம்பர் இறுதியில் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் மூடிய வெள்ளம் வடிந்த பின்னர், முள்ளியவளைப் பக்கத்தில் பெரியப்பா வீட்டுக் கிணற்று நீரும் பரிசோதனைக்குப் போயிருந்தது. கிணற்றுக் கட்டுக்கு மேலால் வெள்ளம் பாய்ந்த வளவு அது. மலக்கூடக் குழியும் மாட்டுப்பட்டியும் கிணறும் இரண்டு நாட்கள் ஒரே தண்ணீருக்குள் கிடந்தன. திரும்பி வந்த தாளில், ஈ.கோலி என்ற பற்றீரியா காணப்பட்டதாக ஒரு வரி இருந்தது. கிணற்றை இறைத்து, குளோரின் இட்டு, அதன் பின்னரும் கொதித்தாறிய நீரையே குடிக்க வேண்டும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்லிவிட்டுப் போன பிறகு, பெரியப்பா என்னிடம் கேட்டார்: "தம்பி, இந்த ஈ.கோலி எங்கட குடலுக்குள்ளயும் இருக்குது எண்டு பேத்தி புத்தகத்தில படிக்கேக்க கேட்டனான். உள்ளுக்க இருக்கேக்க ஒண்டும் செய்யாதது, கிணத்துக்க கிடந்து வந்தா மட்டும் என்ன செய்யப்போகுது?"

கேள்வி நியாயமானது. நுண்ணங்கியியலாளர்கள் பல பத்தாண்டுகள் மினக்கெட்டதும் ஏறத்தாழ இதே கேள்வியோடுதான். சுருக்கமான விடை இதுதான்: ஒரு பற்றீரியா நோயை உண்டாக்குமா, இல்லையா என்பதை அதன் பெயர் மட்டும் தீர்மானிப்பதில்லை. பெரும்பாலான வேளைகளில், அது வெளியிலிருந்து பெற்றுக்கொண்டு தன்னுள் வைத்திருக்கும் பரம்பரையலகுத் துண்டுகளே அதைத் தீர்மானிக்கின்றன. (எங்கள் பாடப்புத்தகங்கள் பரம்பரையலகு என்பதைத் தமிழகத்தவர் மரபணு என்பர், இரண்டும் ஒன்றே.) அத்துண்டுகள் தாயிலிருந்து மகளுக்கு இறங்கும் வழமையான பாதையை மட்டும் நம்பி இருப்பவை அல்ல. ஒரு கலத்திலிருந்து பக்கத்துக் கலத்துக்கும், ஓரினத்திலிருந்து வேறோரினத்துக்கும் இடம் மாறக்கூடியவை.

ஆய்வுகூடங்களில் நூறாண்டு காலமாக வளர்க்கப்படும் கே-12 என்ற ஈ.கோலி, 1922இல் ஒரு நோயாளியின் மலத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அது சாதுவான பிராணி. பரம்பரையலகுகள் நான்கு வேதி எழுத்துகளால் எழுதப்பட்டிருக்கும் அதன் டி.என்.ஏ. முழுவதும் 1997இல் வாசித்து முடிக்கப்பட்டபோது ஏறத்தாழ 46 இலட்சம் எழுத்துகள் இருந்தன. குருதியாக வயிற்றாலே போகச் செய்து, சிறுவர்களின் சிறுநீரகத்தையும் செயலிழக்க வைக்கும் ஓ157 என்ற ஈ.கோலியை 2001இல் வாசித்தார்கள். அதில் 55 இலட்சம் எழுத்துகள். கே-12இல் இல்லாத 1,387 பரம்பரையலகுகள். மறுவருடம் சிறுநீர்த் தொற்றை உண்டாக்கும் இன்னொரு ஈ.கோலியையும் சேர்த்து மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, மூன்றுக்கும் பொதுவாக இருந்தவை அவற்றின் மொத்தப் புரதங்களில் 39 வீதம் மட்டுமே. மனிதனுக்கும் எலிக்கும் இடையில்கூட இத்தனை பெரிய உடமை வேறுபாடு இல்லை என்பதை நினைத்துப் பார்த்தால், 'ஈ.கோலி' என்ற ஒற்றைப் பெயர் எவ்வளவு பெரிய போர்வை என்பது விளங்கும்.

நோயாக்கும் வல்லமை இடம் மாறலாம் என்பதற்கான முதற் சான்று, டி.என்.ஏ.யின் வேலை என்னவென்று தெரியாத காலத்திலேயே கிடைத்துவிட்டது. 1928இல் பிரெட்றிக் கிரிபித், நியூமோனியாவை உண்டாக்கும் பற்றீரியாவின் உறையுள்ள வகையை வெப்பத்தால் கொன்று, உறையில்லாத தீங்கற்ற வகையோடு கலந்து சுண்டெலிகளுக்கு ஏற்றினார். தனித்தனியே ஏற்றியபோது எலிகளை ஒன்றும் செய்யாத அவை, சேர்த்து ஏற்றியபோது எலிகளைக் கொன்றன. இறந்த எலிகளின் குருதியில் உறையோடு கூடிய உயிருள்ள பற்றீரியா இருந்தது. செத்தது எழும்பவில்லை. செத்ததன் உறை செய்யும் அறிவை உயிருள்ளது எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்ட பொருள் டி.என்.ஏ. என்பதை 1944இல் ஏவரி, மக்லியொட், மக்கார்ட்டி மூவரும் காட்டினர். டி.என்.ஏ.யே பரம்பரைப் பொருள் என்று காட்டிய பரிசோதனையாக மட்டும் இதைப் படித்துவிட்டு நாம் கடந்துவிடுகிறோம். அது முதலில் ஒரு கொல்லும் திறன் கைமாறிய கதை.

கைமாறும் துண்டுகளில் எளிதாக விளங்கக்கூடியது பிளாஸ்மிட். வன்னியில் லான்ட்மாஸ்டர் என்ற இரண்டு சில்லு உழவு மெசினைப் பார்த்தவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பது இலகு. பெட்டியைக் கொழுவினால் நெல் ஏற்றும். உழவுச் சில்லைப் பூட்டினால் சேறடிக்கும். பட்டியை மாட்டினால் வாய்க்காலிலிருந்து தண்ணீர் இறைக்கும். காணியும் வீடும் ஒருவருடையவையாக இருக்க, மெசின் இன்று ஒரு வளவிலும் நாளை இன்னொரு வளவிலும் நிற்கும். பற்றீரியாவின் பிரதான டி.என்.ஏ.யான நிறமூர்த்தம் காணி என்றால், பிளாஸ்மிட் அந்த மெசின்: நிறமூர்த்தத்திலிருந்து விலகி, தனி வளையமாக நின்று, தன்னைத்தானே பிரதி எடுத்துக்கொள்ளும் டி.என்.ஏ. ஆனால் உவமை ஓரிடத்தில் முறிகிறது. மெசினை இரவல் கொடுத்தவருக்கு அன்றைக்கு உழவு இல்லை. பிளாஸ்மிட்டைக் கொடுத்த கலமோ ஒரு பிரதியை அனுப்பிவிட்டுத் தன்னுடையதைத் தானே வைத்திருக்கிறது. கொடுப்பவருக்கு நட்டமில்லாத இரவல் எவ்வளவு வேகமாக ஊர் முழுதும் பரவும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வயலில் மண்வெட்டி காலில் பட்டால் ஏற்பூசி (ரெற்றனஸ் தடுப்பூசி) போடச் சொல்வதன் பின்னால் இருப்பதும் ஒரு பிளாஸ்மிட்தான். மண்ணிலும் மாட்டுச் சாணத்திலும் வாழும் குளொஸ்ரிடியம் ரெற்றானி, உடலை வில்லாக வளைக்கும் நஞ்சைச் செய்வதற்கான பரம்பரையலகை நிறமூர்த்தத்தில் வைத்திருப்பதில்லை. 74 ஆயிரம் எழுத்துகள் கொண்ட ஒரு பிளாஸ்மிட்டில் வைத்திருக்கிறது. அந்தப் பிளாஸ்மிட்டை இழந்த கலம் அதே மண்ணில், அதே வித்தியோடு வாழ்ந்தாலும் ஏற்பு வலியை உண்டாக்க மாட்டாது. மாடுகளைத் திடீரெனச் சாய்க்கும் அடைப்பான் (அந்த்ராக்ஸ்) நோயின் பற்றீரியாவும் இவ்வகையே: நஞ்சுகள் ஒரு பிளாஸ்மிட்டில், உடலின் காவற்கலங்களிலிருந்து காக்கும் உறை இன்னொன்றில். 1930களில் தென்னாபிரிக்காவில் மக்ஸ் ஸ்ரேர்ன், உறைக்குரிய பிளாஸ்மிட் இல்லாத ஒரு வகையையே கால்நடைகளுக்கான தடுப்பு மருந்தாக்கினார். பிளாஸ்மிட் என்ற சொல்லே அப்போது பிறந்திருக்கவில்லை.

இன்னொரு வாகனம் பற்றீரியா விழுங்கி எனப்படும் வைரசு. சில விழுங்கிகள் கலத்துக்குள் புகுந்ததும் அதை உடைத்துக் கொல்லாமல், தம் டி.என்.ஏ.யை அதன் நிறமூர்த்தத்துக்குள் செருகிவிட்டு ஒடுங்கிக் கிடக்கும். கிடக்கும் காலத்தில் தம்மிடமுள்ள ஒரு நஞ்சின் பரம்பரையலகைக் குடியிருக்கும் வீட்டுக்குக் கொடுக்கும். தொண்டைக்கரப்பான் (டிப்தீரியா) பற்றீரியா இப்படித்தான் நஞ்சு பெறுகிறது என்று 1951இல் பிறீமன் காட்டினார்: விழுங்கி தொற்றாதவரை தீங்கற்றது, தொற்றியபின் கொல்லக்கூடியது. இதில் எனக்கு எப்போதும் வியப்பளிப்பது ஒரு சிறு விபரம். நஞ்சின் பரம்பரையலகு விழுங்கியுடையது. அதைத் திறந்து மூடும் ஆளியோ (சுவிச்) பற்றீரியாவுடையது. கலத்துக்கு இரும்புச்சத்து தாராளமாகக் கிடைக்கும்வரை ஆளி மூடியிருக்கும்; இரும்பு அரிதான மனிதத் தொண்டையில் அது திறந்துகொள்ளும். வந்தேறிய பொருள் வீட்டின் பழைய கணக்குவழக்குக்குள் எவ்வளவு பொருந்திப்போகிறது என்பதற்கு இதைவிட நல்ல காட்டு இல்லை. பிளாஸ்மிட்டுக்கும் நிறமூர்த்தத்துக்கும் விழுங்கிக்கும் இடையில் தாவித் திரியும் சிறு துண்டுகளும் உண்டு. அவற்றை பார்பரா மக்கிளின்ரொக் 1940களில் முதன்முதல் கண்டது சோளத்தில்.

இனி நோயாக்கத் தீவுகள். ஜேர்மனியின் வூர்ஸ்பேர்க் நகரில் யோர்க் ஹாக்கரும் அவருடன் பணிபுரிந்தோரும் 1980களில், சிறுநீர்த் தொற்று நோயாளி ஒருவரிலிருந்து பெற்ற 536 என்ற ஈ.கோலியைக் குருதி கலந்த ஊடகத்தில் வளர்த்து வந்தனர். ஒரே கலத்திலிருந்து பெருகிய அதன் ஒவ்வொரு குடித்தொகுதியையும் சுற்றி, செங்குழியங்கள் உடைந்து தெளிந்த ஒரு வட்டம் தெரியும். நூற்றுக்கணக்கான குடித்தொகுதிகளுக்கு நடுவே அரிதாக ஒன்று, வட்டமில்லாமல் வெறுமனே இருக்கும். ஒற்றை எழுத்துப் பிழையால் வந்த விகாரம் என்று நினைத்து அதை ஆராய்ந்தபோது, பல்லாயிரம் எழுத்துகள் நீளமான ஒரு பகுதி முழுவதுமாக, இரண்டு முனையிலும் கத்தரித்ததுபோல் கழன்று போயிருந்தது தெரிந்தது. செங்குழியத்தை உடைக்கும் நஞ்சும் அந்தப் பகுதியிலேயே இருந்திருக்கிறது. பகுதியை இழந்த கலம் சாகவில்லை. ஊடகத்தில் வழமைபோல் வளர்ந்தது. நோயை உண்டாக்கும் திறனை மாத்திரமே இழந்திருந்தது. கடல் சூழ்ந்த நிலம்போல் நிறமூர்த்தத்துக்குள் தனித்துத் தெரிந்த அத்தகைய பகுதிகளுக்கு அவர்கள் நோயாக்கத் தீவு என்று பெயரிட்டனர். அவை ஏறத்தாழ 10 ஆயிரம் முதல் 2 இலட்சம் எழுத்துகள் வரை நீளலாம்.

தீவு வெளியிலிருந்து வந்தது என்பதை எப்படி அறிவது? தமிழில் ஒரு சொல்லின் பிறப்பை அறிவதுபோலத்தான். கதிரை, சப்பாத்து, அலவாங்கு, பாண் என்ற சொற்களை நாம் நாள்தோறும் சொல்கிறோம். அவை போர்த்துக்கேயரோடு வந்தவை என்ற நினைப்பே இல்லாமல் சொல்கிறோம். ஆயினும் வேர்ச்சொல் தேடுபவர் கதிரைக்குத் தமிழ் வேர் கிடைக்காமல் நின்றுவிடுவார். டி.என்.ஏ.யிலும் அப்படியே. நான்கு எழுத்துகளில் ஜி, சி என்ற இரண்டும் சேர்ந்து எத்தனை வீதம் வருகின்றன என்பது ஒவ்வொரு இனத்துக்கும் ஏறத்தாழ நிலையானது, ஈ.கோலியில் அது 50 வீதத்தைச் சற்றே தாண்டும். நிறமூர்த்தத்தை வாசித்துக்கொண்டு போகையில் அந்த விகிதம் திடீரெனச் சரிந்து, சில பத்தாயிரம் எழுத்துகளுக்குப் பின் மீண்டும் பழைய நிலைக்கு ஏறினால், இடையில் கிடப்பது வேற்றூர்ப் பேச்சு. நெடுங்காலம் தங்கிவிட்ட துண்டு, மெல்ல மெல்ல வீட்டுப் பேச்சுக்குப் பழகி, இந்த அடையாளத்தை இழப்பதும் உண்டு.

இன்னொரு அடையாளம் தீவு அமரும் இடம். அமினோ அமிலங்களைக் காவிச் செல்லும் சிறு ஆர்.என்.ஏ.க்களின் பரம்பரையலகுகளுக்கு அருகிலேயே அவை பெரும்பாலும் காணப்படுகின்றன. வன்னியில் எந்தப் பழைய ஊருக்குப் போனாலும் குளக்கட்டடியில் ஒரு பிள்ளையார் இருப்பார். புதிதாக வருபவருக்கு வழி சொல்ல அந்த ஓர் அடையாளம் போதும். காவும் ஆர்.என்.ஏ. இல்லாத பற்றீரியா கிடையாது, அதன் எழுத்துகளும் இனத்துக்கு இனம் அதிகம் மாறுவதில்லை. ஆகவே, எங்கே சென்றாலும் செருகிக்கொள்ள ஒரு முகவரி வேண்டிய துண்டுக்கு அதைவிட நம்பகமான இடமில்லை. செருகுவதற்கும் கழற்றுவதற்குமான நொதியத்தின் பரம்பரையலகைத் தீவே காவி வருகிறது. பழைய தீவுகளில் அந்த நொதியம் பழுதாகிக் கிடக்கும். அவை வந்த இடத்திலேயே நிரந்தரமாகக் குடியிருந்துவிட்டவை.

குழந்தைகளில் நீடித்த வயிற்றோட்டத்தை உண்டாக்கும் ஒருவகை ஈ.கோலியின் தீவு, 35 ஆயிரம் எழுத்துகளே கொண்டது. அதற்குள் இருப்பவை: குடற்கலத்துக்குள் புரதங்களைச் செலுத்தும் ஓர் ஊசி அமைப்பு, செலுத்த வேண்டிய புரதங்கள், குடற்சுவரோடு இறுக ஒட்டுவதற்கான ஒரு பிடிபுரதம். வழமையாக ஒரு கிருமி நமது கலத்தின் மேற்பரப்பில் ஏற்கெனவே உள்ள ஏதோவொன்றைத் தேடித்தான் பிடிக்கும். இதுவோ, பிடிப்பதற்குரிய கொளுவியையும் தானே கொண்டுவருகிறது. முதலில் ஊசியால் அந்தக் கொளுவிப் புரதத்தைக் குடற்கலத்துக்குள் செலுத்துகிறது. அது கலத்தின் மேற்பரப்பில் வந்து பதிந்ததும், தன் பிடிபுரதத்தால் அதைப் பற்றிக்கொள்கிறது. பின்னர் கலத்தின் உட்சட்டகம் உருக்குலைந்து, பற்றீரியாவுக்கு அடியில் ஒரு பீடம்போல் எழும்புகிறது. 1997இல் மக்டானியலும் கேப்பரும் இந்தத் தீவை முழுதாக எடுத்துச் சாதுவான கே-12க்குள் வைத்தபோது, கே-12உம் அதே பீடத்தை எழுப்பியது. ஆனால் ஓ157இன் இணையான தீவை அவ்வாறே மாற்றியபோது பீடம் எழவில்லை. துண்டு கிடைத்தால் மட்டும் போதாது, அதை இயக்கத் தெரிந்த வீடும் வேண்டும் என்பதை இந்த இரண்டு பரிசோதனைகளையும் சேர்த்துப் படித்தால்தான் காணலாம். முதலாவதை மட்டும் சொல்லும் பாடங்கள் பாதிக் கதையையே சொல்கின்றன.

வீடு எதையும் கேள்வியின்றி ஏற்றுக்கொள்வதும் இல்லை. ஈ.கோலியிலும் அதன் உறவான சல்மனெல்லா என்ற பற்றீரியாவிலும் எச்-என்எஸ் என்றொரு புரதம் உண்டு. ஜி, சி குறைந்த, அதாவது வேற்றூர்ப் பேச்சுள்ள டி.என்.ஏ.யைத் தேடிச் சென்று மூடி, அதை வாயடைத்து வைப்பதே அதன் வேலை என்று 2006இல் தெரியவந்தது. புதிதாக வந்த துண்டு நேரம் காலம் தெரியாமல் நஞ்சும் ஊசியும் செய்யத் தொடங்கினால், அந்தச் செலவிலேயே கலம் மெலிந்து போட்டியில் தோற்றுவிடும். வாயடைத்து வைத்தால், சரியான இடத்தில் மட்டும் கட்டவிழ்த்துவிடும் ஒழுங்கு உருவாகக் கால அவகாசம் கிடைக்கிறது.

இத்தனையும் ஒருங்கே தெரியும் இடம் கொலரா. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னாரில் கரையிறங்கி வன்னியின் தென்விளிம்பு வழியாக மாத்தளை நோக்கி நடந்த தோட்டத் தொழிலாளர் பலர், வழியிலேயே வாந்திபேதியில் விழுந்தனர். நோயாளியின் உடல் சில மணி நேரத்தில் வற்றிப்போவதற்குக் காரணம், பற்றீரியா குடலைத் தின்பது அல்ல. அது விடும் ஒரு நஞ்சு என்பதை 1959இல் கல்கத்தாவில் எஸ்.என்.டே காட்டினார். நஞ்சு குடற்கலத்துக்குள் ஒரு வாயிலைத் திறந்து விட்டுவிட, உப்பும் நீரும் அரிசி கழுவிய தண்ணீர்போல் நிற்காமல் வெளியேறுகின்றன. குளுக்கோசையும் உப்பையும் சேர்த்து உள்ளிழுக்கும் பாதையை நஞ்சு தொடுவதில்லை. ஜீவனி என்ற குளுக்கோசு-உப்புத் தூளைக் கரைத்துக் கொடுத்தால் உயிர் தங்குவது அதனால்தான்.

அந்த நஞ்சு கொலரா பற்றீரியாவுக்கு உரியதல்ல என்பதை 1996இல் வோல்டரும் மெக்கலானோசும் வெளியிட்டபோது பலர் திகைத்தனர். அதைக் காவி வருவது நூல்போன்ற ஒரு விழுங்கி. அதன் முழு டி.என்.ஏ.யும் ஏறத்தாழ 7 ஆயிரம் எழுத்துகளே. அது பற்றீரியாவுக்குள் நுழைவதற்குப் பிடிக்கும் இடம், பற்றீரியா குடலில் ஒன்றோடொன்று ஒட்டிக் குடியேறப் பயன்படுத்தும் ஒரு மயிரிழை. அந்த மயிரிழையைச் செய்யும் பரம்பரையலகுகள் இருப்பதோ, சுமார் 40 ஆயிரம் எழுத்துகள் கொண்ட இன்னொரு நோயாக்கத் தீவில். ஆக, முதலில் தீவு வரவேண்டும். தீவு வந்தால் மயிரிழை முளைக்கும். மயிரிழை இருந்தால்தான் விழுங்கி நுழையும். விழுங்கி நுழைந்தால்தான் நஞ்சு. அதற்கு மேல், விழுங்கியின் நஞ்சைத் திறக்கும் ஆளி தீவில் இருக்கிறது. தீவின் ஆளியைத் திறக்கும் பெரிய ஆளி, பற்றீரியாவின் பழைய நிறமூர்த்தத்தில் இருக்கிறது. துருசைத் திறப்பவர் ஒருவர், கிளை வாய்க்காலைத் திறப்பவர் இன்னொருவர், வயல் வாய்க்காலைத் திறப்பவர் வேறொருவர் என்று நீர்ப்பாசனம் நடப்பதுபோல், மூன்று வெவ்வேறு காலத்தில் சேர்ந்த பாகங்கள் ஒரே முறைவைப்பில் இயங்குகின்றன. விழுங்கி ஒரு கலத்திலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவது, ஆய்வுகூடக் குடுவையைவிட சுண்டெலியின் குடலுக்குள்ளேயே கூடுதலாக நடந்தது. மயிரிழை முளைப்பது அங்கேதான் என்பதால் அது எதிர்பார்க்க வேண்டியதே; ஆயினும் நோயாளியின் வயிறே புதிய கிருமிகளை உருவாக்கும் பட்டறையாகிறது என்பது நிம்மதியான செய்தி அல்ல.

நோயாளிக்கு வெளியே, கொலரா பற்றீரியா சேர்ந்த விப்ரியோக்கள் என்ற குடும்பத்தின் இயல்பான வாழிடம் உவர்நீர். நந்திக்கடலிலும் கொக்கிளாயிலும் இறால் படுகிறதே, அத்தகைய நீர். அங்கே அவை கூனியைவிடச் சிறிய ஓட்டுயிர்களின் மேல் ஒட்டி வாழ்கின்றன. ஓட்டின் பொருளான கைற்றின் மேல் ஒட்டியவுடன் கொலரா பற்றீரியா, சுற்றியுள்ள டி.என்.ஏ.யை உள்ளிழுக்கும் திறனைப் பெற்றுவிடுகிறது என்று 2005இல் கண்டறிந்தனர். அதே வேளையில் பக்கத்துக் கலங்களைக் குத்திக் கொல்லும் ஈட்டியையும் அது இயக்குகிறது. கொன்றவனின் பையிலிருப்பதை எடுத்துக்கொள்வதற்கு இது நல்ல ஏற்பாடு. பங்களாதேசத்தில் பழைய சேலையைப் பல மடிப்பாக மடித்துக் குடிநீரை வடித்த கிராமங்களில் கொலரா ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததற்குக் காரணமும், சேலை பற்றீரியாவை மறிப்பது அல்ல; பற்றீரியா சவாரி செய்யும் அந்த ஓட்டுயிர்களை மறிப்பதே.

1992இல் சென்னையில், அப்போது மதராஸ், ஒரு புதிய கொலரா கிளம்பி வங்காள விரிகுடாவைச் சுற்றிப் பரவியது. முன்னர் கொலரா கண்டு தேறியவர்களையும் அது விட்டுவைக்கவில்லை. புதிய இனம் எதுவும் உருவாகியிருக்கவில்லை. பழைய பற்றீரியாவே தன் மேற்பூச்சுக்குரிய பரம்பரையலகுகளை ஒட்டுமொத்தமாக மாற்றிக்கொண்டிருந்தது. பழைய பூச்சைக் கண்டு பழகிய பிறபொருளெதிரிகளுக்கு அது தெரியாத முகம். போதாததற்கு, பல அன்ரிபயோட்டிக்குகளுக்கு அசையாத ஓர் எதிர்ப்புத் துண்டையும் அது காவிக்கொண்டிருந்தது.

எதிர்ப்பும் நோயாக்கமும் ஒரே வாகனங்களில் பயணிப்பதால் இரண்டையும் பிரித்துப் பேசுவது கடினம். நெருப்புக் காய்ச்சலை (தைபொயிட்) எடுத்துக்கொள்வோம். அதன் பற்றீரியாவைக் காவற்கலங்களிலிருந்து மறைக்கும் வீ உறை, 1 இலட்சத்து 34 ஆயிரம் எழுத்துகள் நீளமான ஒரு தீவில் எழுதப்பட்டிருக்கிறது. ஆய்வுகூடங்களில் நெடுங்காலம் வைத்திருந்த சில வளர்ப்புகள் அதை அப்படியே கழற்றி விட்டிருக்கின்றன. 2016இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் தொடங்கிய நெருப்புக் காய்ச்சலில், அதே பற்றீரியா ஒரு பிளாஸ்மிட்டையும் ஏற்றிக்கொண்டிருந்தது. அந்தப் பிளாஸ்மிட் முன்னர் ஈ.கோலியில் காணப்பட்ட வகை. வழமையாகக் கொடுக்கும் ஊசி மருந்து அதன்பின் பயன்படவில்லை.

அன்ரிபயோட்டிக் இன்னொரு வகையிலும் காலை வாரும். ஓ157இன் நஞ்சும் ஒடுங்கிக் கிடக்கும் ஒரு விழுங்கியின் சொத்து. கலத்தின் டி.என்.ஏ. சேதமடைந்தால் எழும் அபாயக் குரலைக் கேட்டவுடன், மூழ்கும் வீட்டை விட்டு ஓடுவதற்காக விழுங்கி விழித்துக்கொள்ளும். தன்னைப் பெருக்கும், நஞ்சைச் செய்யும், கலத்தை உடைத்து வெளியேறும். சிப்ரோபுளொக்சசின் போன்ற சில மருந்துகள் எழுப்புவது அதே அபாயக் குரலையே. கொல்லப்படும் கலமே நஞ்சைக் கொட்டிவிட்டுச் சாகிறது. வயிற்றாலே குருதி போகும் குழந்தைக்கு மருந்துக் கடையொன்றில் வைத்தியரின் துண்டுமில்லாமல் நாலு குளிசை வாங்கிக் கொடுத்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அது இந்த வகைக் கிருமியாக இல்லாமற் போனது அந்தப் பிள்ளையின் நல்ல காலம். 2011இல் ஜேர்மனியில் ஏறத்தாழ 4 ஆயிரம் பேரை விழுத்தி, 50க்கு மேற்பட்டோரைக் கொன்றதும் ஓர் ஈ.கோலிதான். குடலில் செங்கல் அடுக்கியதுபோல் ஒட்டும் ஒரு சாதாரண வயிற்றோட்டக் கிருமி, இந்த விழுங்கியைப் பெற்றுக்கொண்டிருந்தது. அது வந்த வழி முளைகட்டிய வெந்தயம்.

எல்லா நோய்க்கும் இதுவே விடை என்று நினைத்துவிடவும் கூடாது. காசநோய்ப் பற்றீரியாவிடம் பிளாஸ்மிட் இல்லை. அது பெரும்பாலும் தன் பரம்பரைச் சொத்தைக் கொண்டே வாழ்கிறது. வயலில் இறங்குவோர் அஞ்சும் எலிக்காய்ச்சலுக்கும் தாவி வந்த ஒற்றை நச்சுத்துண்டு ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியாது. பெறுவதுபோல் இழப்பதும் ஒரு வழி. வயிற்றுளைவை உண்டாக்கும் சிகெல்லா, உண்மையில் ஒரு பெரிய பிளாஸ்மிட்டைப் பெற்ற ஈ.கோலியே. ஆனால் ஈ.கோலியிடம் இருந்த ஒரு நொதியம் அந்தப் பிளாஸ்மிட்டின் நஞ்சுக்குத் தடையாக இருந்தது. அந்த நொதியத்தின் பரம்பரையலகைச் சிகெல்லாக்கள் கைவிட்டுவிட்டன. 1998இல் மொறெல்லி குழுவினர் அதைத் திரும்ப வைத்தபோது நஞ்சு அடங்கிப்போனது.

பெரியப்பாவிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. கிணற்றில் கண்ட ஈ.கோலி குடலில் இருப்பதன் உறவுக்காரன்தான், ஆனால் அது என்ன சாமானைக் காவிக்கொண்டு நிற்கிறது என்பதை அந்தத் தாள் சொல்லாது என்று மட்டும் சொன்னேன். அது உண்மையும்கூட: அந்தப் பரிசோதனை நஞ்சையோ தீவையோ தேடுவதில்லை. மலம் கலந்திருக்கிறதா என்பதை மட்டுமே காட்டும். மலம் கலந்திருந்தால், எவருடைய குடலிலிருந்து எந்தத் துண்டு வந்து சேர்ந்திருக்கும் என்பதற்குக் கணக்கில்லை. "அப்ப யார்ர வயித்துச் சாமான் எண்டு தெரியாத தண்ணி" என்றார் அவர். பிறகு எழும்பிப்போய், பக்கத்து வளவில் நின்ற லான்ட்மாஸ்டரை இரவல் கேட்டுக் கொண்டுவந்து, பட்டியை மாட்டி, பொழுதுபடும்வரை கிணற்றை இறைத்தார்.